ஆட்டின் வயிற்றிற் புளிப்பேறும் விதம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

   

இம்மேடையில் எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் கல்வியைக் குறித்தும், சிக்கனத்தைக் குறித்தும், கலியாணச் செலவைக் குறைப்பதைக் குறித்தும் அழகாகப் பேசினர். அவற்றைப் பற்றிப் பேசுந் தகுதி அடியேனுக்கு இல்லை. கரிசற் காட்டில் ஆட்டின் பின்னே நடந்து வளர்ந்தவன் யான். ஆட்டின் வயிற்றைப் பற்றிப் பேசுந் தகுதி மட்டும் சிறிது உண்டென்று கருதியே காரியதரிசியவர்கள் இவ்விஷயத்தை எனக்கு ஒதுக்கினார்கள் போலும். இளைஞர்கள் சிலர் சிரிக்கின்றீர்கள். சிரிக்க வேண்டா. உங்களுட் பலர் கல்லூரிக்குக் கட்டுகின்ற சம்பளம் அந்த வயிற்றிலிருந்தே வருகின்றது.

2011ஆம் ஆண்டு தை மாதத்தில் எங்கள் கிடை விளாத்திகுளத்திற்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் இருந்தது. 140 உருப்படிகள், பெரும்பாலும் வேம்பூர் ஆடுகள், நாம் பொட்டு ஆடு என்று சொல்பவை. அந்நாட்களில் நம் கரிசலிற் கம்பும் சோளமும் குறைந்து மக்காச்சோளம் பெருகிவிட்டது. கதிரடித்த மணியைக் களத்திலும் தார்ச்சாலை ஓரத்திலுங் கொட்டிக் காயவைத்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஓரிரவு காவலிருந்த பையன்கள் அயர்ந்துறங்கிவிட்டார்கள். பட்டி வலை ஒருபுறம் சாய்ந்தது. ஆடுகள் வெளியே போயின. விடியற்காலையிற் பார்க்கும்போது எல்லாம் பட்டிக்கருகிலேயே படுத்திருந்தன. வயிறு நன்றாக நிறைந்திருந்தது. ஏதோ நல்ல மேய்ச்சல் கிடைத்ததென்று நாங்கள் மகிழ்ந்தோமே யல்லாது, எங்கே மேய்ந்தன வென்று ஒருவரும் விசாரிக்கவில்லை. காலையிற் கண்மாயில் இறக்கினோம். அளவிறந்து நீர் குடித்தன.

அன்று மாலையே சில ஆடுகள் தலையைத் தொங்கவிட்டு நின்றன. அசைபோடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தன. இடப்பக்கத்து விலா புடைத்திருந்தது. அதைத் தட்டினால் குடத்திற் பாதி நீரிருந்து குலுங்குவதுபோல ஓசை கேட்டது. மறுநாள் சாம்பல் நிறத்தில் நீராய்க் கழிந்தன. அதிற் புளித்த வாடை. கண்கள் குழிந்து உள்ளே போயின. குடித்தவன் நடப்பதுபோலத் தள்ளாடி, படுத்தவை எழவில்லை. மூன்றாம் நாள் முடிவதற்குள் 23 ஆடுகள் இறந்துபட்டன.

இனி யான் சொல்லப்போவது எனக்கு இழிவு தருவது. எனினுஞ் சொல்லியே தீரவேண்டும். அந்நிகழ்ச்சிக்கு ஒரு வாரத்திற்கு முன், கண்மாய்ப் படுகையின் மேய்ச்சலைப்பற்றி எனக்கும் என் பெரியப்பா மகனாகிய தமையனாருக்கும் வாய்ச்சண்டை உண்டாயிற்று. ஆடுகள் விழத் தொடங்கியதும், குருணை மருந்தைத் தவிட்டிற் கலந்து வைத்துவிட்டார் என்று எவரோ ஒருவர் சொன்னார். அதை நான் பற்றிக்கொண்டேன். ஊர்ச் சபையைக் கூட்டினேன். அவர் கோயிலிற் சத்தியஞ் செய்தார். அதையும் நான் நம்பவில்லை. மூன்றாம் நாள் அரசாங்கக் கால்நடை மருத்துவர் வந்து, இறந்த ஆடொன்றை அறுத்துப் பார்த்தார். பெருவயிறு முழுவதும் மக்காச்சோள மணியும் புளித்த கூழுமாக இருந்தது. உட்சவ்வு விரலாற் தொட்ட அளவில் உரிந்து வந்தது. “ஐயா, இதில் எவரும் விஷம் வைக்கவில்லை. இந்தத் தானியந்தான் கொன்றது” என்றார். அருகில் நின்ற என் தாயார், “தானியந் தின்னா ஆடு சாகும்?” என்று கேட்டார். நானும் அதையே கேட்டேன். தானியம் ஆகாரமாயிற்றே, அது எப்படி நஞ்சாகும் என்பதே என் வாதம். மருத்துவர் எதிர்க்கட்சிக்குச் சாதகமாகப் பேசுகிறார் என்றுகூட ஐயுற்றேன். அந்த ஐயத்தினால் மூன்று வருஷம் இரண்டு குடும்பங்களும் நன்மை தீமைக்குப் போக்குவரவின்றி இருந்தன. தமையனார் மகளுக்கு வந்த நல்ல சம்பந்தமொன்று, “விஷம் வைத்த வீடு” என்ற பேச்சினாலே தட்டிப்போயிற்று.

ஆகவே தானியம் எப்படி நஞ்சாகும் என்னும் அக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பிரசங்கத்தின் நோக்கம்.

ஆட்டிற்கு வயிறு நான்கு அறைகளை உடையதென்பது நீங்கள் அறிந்ததே. கறிக்கடையில் நாம் கண்ணாரக் காண்பது அது. ஒன்று துவாலைபோற் சொரசொரப்பான பெரிய பை. ஒன்று தேன்கூடுபோல் கட்டங்கட்டமாக உள்ளது. ஒன்று புத்தகம்போல் ஏடு ஏடாக அடுக்கியது. நான்காவதே நம் இரைப்பையைப் போன்றது. முதலாவதாகிய பெருவயிறு இடப்பக்கம் முழுவதையும் அடைத்திருக்கும். அதைச் செரிக்கும் பை என்பதைவிட ஊறற்பானை என்பதே பொருந்தும். அங்கே ஆடு தானாக எதையுஞ் செரிப்பதில்லை. அப்பானையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லின் நாரை உடைத்து, ஆட்டின் இரத்தத்திற் சேரத்தக்க மெல்லிய அமிலங்களாக ஆக்கித் தருகின்றன. ஆட்டின் உடற்பலத்திற் பெரும்பங்கு இவ்வமிலங்களாலேயே கிடைக்கின்றது. அந்நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரங்கோடி என்னும் அளவில் நுண்கிருமிகள் உள்ளன. அவற்றினும் பெரிய ஓரணு உயிர்கள் இலட்சக்கணக்கில் நீந்துகின்றன. இவ்வோரணு உயிர்களைப் பிரான்சு தேசத்தில் குரூபி, டெலஃபோன் என்னும் இருவர் 1843ஆம் ஆண்டிலேயே பூதக்கண்ணாடி கொண்டு கண்டறிந்து வெளியிட்டனர். நாம் ஆடு மேய்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கும் இம்மந்தையைத்தான் மேய்க்கிறோம்.

இம்மந்தைக்குப் பழக்கமான தீனி நார். நாரைத் தின்னும்போது ஆடு நெடுநேரம் மெல்லுகின்றது. பின் படுத்து மணிக்கணக்கில் அசைபோடுகின்றது. அவ்வளவு நேரமும் உமிழ்நீர் சுரந்துகொண்டே யிருக்கிறது. நாளொன்றுக்குப் பல லிட்டர். அவ்வுமிழ்நீரில் இயற்கையாகவே சோடா உப்பு கலந்திருக்கின்றது. பானையில் உண்டாகும் புளிப்பை அது அவ்வப்போது முறித்து வருகின்றது. புளிப்பை அளப்பதற்கு விஞ்ஞானிகள் பி.எச். என்றோர் எண்ணை வைத்திருக்கிறார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு மிகுதி. புல்மேயும் ஆட்டின் பெருவயிற்றில் அவ்வெண் 6க்கும் 7க்கும் நடுவே நிற்கும்.

இப்பொழுது பழக்கமில்லாத ஓர் ஆடு ஒரே வேளையில் வயிறு நிறையத் தானியத்தைத் தின்றுவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். தானியத்தில் உள்ளது மாவு. மாவை உடைப்பது நாரை உடைப்பதுபோற் கடினமன்று. நாரைத் தின்னுங் கிருமிகள் பார்த்துக்கொண்டிருக்க, மாவைத் தின்னும் ஒருவகைக் கிருமி அரைமணி நேரத்திற்குள்ளாகவே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகிவிடுகின்றது. இது விளைவிப்பது வேறோர் அமிலம். பாலைத் தயிராக்கிப் பின் அத்தயிரைப் புளிக்கவைக்கின்றதே, அந்த அமிலமே. வழக்கமாகப் பெருவயிற்றில் உண்டாகும் அமிலங்களைக் காட்டிலும் இது ஏறக்குறைய பத்து மடங்கு கடுமையுடையது. பி.எச். 5க்குக் கீழே இறங்குகின்றது. அப்புளிப்பில் நாரைத் தின்னுங் கிருமிகளும் ஓரணு உயிர்களும் மடிகின்றன. இறுதியில் மாவைத் தின்ற கிருமிக்கே அப்புளிப்பு ஒவ்வாமற்போக, புளிப்பையே விரும்பும் வேறோரினம் வந்து குடியேறி, இன்னும் அதே அமிலத்தைப் பெருக்குகின்றது. அசை நின்றுவிட்டதால் உமிழ்நீரும் இல்லை, முறிப்பதற்கு ஒன்றுமில்லை.

இதன் பின்னர் நிகழ்வது இன்னுங் கொடியது. வயிற்றிலுள்ள நீர் செறிவுகூடிக் கெட்டியாகிவிடுவதால், உடம்பின் இரத்தத்திலிருந்து நீரை அது தன்னிடம் இழுத்துக்கொள்ளுகின்றது. ஊறுகாய்ச் சாடியில் உப்பு, மாங்காயின் நீரை இழுப்பது போன்றது இது. அதனாலேயே வயிற்றில் நீர் குலுங்குகின்றது; கண் குழிகின்றது; இரத்தந் தடிக்கின்றது. வயிற்றின் உட்சவ்வு வெந்து உரிகின்றது. அமிலம் இரத்தத்திலும் ஏறுகின்றது. தானியம் தின்ற அரைநாள் முதல் ஒன்றரை நாளுக்குள் இவ்வடையாளங்கள் தோன்றும். கடுமையாகத் தாக்கியது ஒன்றிரண்டு நாளில் மடியும். தப்பிப் பிழைத்ததும் முழுதாகத் தப்பியதாகாது. வெந்த சவ்வின் வழியாகக் கிருமிகள் ஈரலுக்குச் சென்று சீழ்க்கட்டி உண்டாக்குவதும், குளம்பு நொந்து நொண்டுவதும், உயிர்ச்சத்துக் குறைவினாற் பார்வை மங்கிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு.

இவையெல்லாம் ஊகமல்ல. அமெரிக்காவில் ஹங்கேட் என்னும் பேரறிஞரும் அவருடைய துணைவர்களும் தானியத்தால் ஆடுகளுக்கு உண்டாகும் இச்செரியாமையை ஆராய்ந்து, வயிற்று நீரில் எந்தக் கிருமி எப்பொழுது பெருகிற்று, எது எப்பொழுது மடிந்தது என்பதைப் படிப்படியாகக் கண்டு 1952இல் வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவில் மழையற்ற ஆண்டுகளில் மேய்ச்சல் இன்றிக் கோதுமையையும் பார்லியையுமே ஆட்டுக்கு ஆகாரமாகக் கொடுத்துக் காப்பாற்றுவது வழக்கம். அங்கே ஒவ்வொரு வறட்சியிலும் குடியானவர்களுக்கு முதலிற் சொல்லப்படுவது இந்தப் புளிப்பைப் பற்றிய எச்சரிக்கையே. நமக்கு மட்டும் எவருஞ் சொல்லவில்லை என்று குறை கூறுவதற்கில்லை. எனக்குச் சொன்ன மருத்துவரை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் கேட்டீர்களே.

2014ஆம் ஆண்டில் பக்ரீத்து விற்பனைக்கென்று 12 கிடாய்களைக் கொட்டிலிற் கட்டி வளர்த்தேன். 2011 முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைத்து வந்தது. வீட்டில் அது மிஞ்சிற்று. தலைக்கு ஓர் உழக்கு அரிசியைப் பொங்கி வைத்தேன். ஆவலாய்த் தின்றன. மூன்றாம் நாள் அளவை இரட்டித்தேன். ஐந்தாம் நாட் காலையில் அதே தொங்கிய தலை, அதே பற்கடிப்பு, அதே சாம்பல் நிறக் கழிச்சல். நான்கு கிடாய்கள் இறந்தன. இம்முறை கொட்டிலுக்குள் என்னைத் தவிர ஒருவரும் போகவில்லை. பழி சுமத்துவதற்கு எனக்கு ஆளில்லை. அதே மருத்துவரைத் தேடிப் போனேன். அவர் வந்து, நோயுற்ற கிடாயின் வயிற்று நீரை ஊசியால் எடுத்து ஒரு சோதனைத் தாளில் விட்டார். தாளின் நிறம் மாறி நாலரை என்று காட்டிற்று. பிறகு என் முகத்தைப் பார்த்தார். பழைய கதையை அவர் எடுக்கவில்லை.

அன்று மாலையே தமையனார் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். மதினியார் ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள், வேறொன்றும் பேசவில்லை. தமையனார் இப்பொழுது இச்சபையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பழியை நான் சபையிற் சொன்னேன். மன்னிப்பை மட்டும் திண்ணையிற் கேட்டால் கணக்குச் சரியாகாது. அண்ணாச்சி, 2011ஆம் ஆண்டில் உங்கள்மேல் நான் சொன்னது பொய். அறியாமையாற் சொன்னதாயினும் பொய் பொய்யே. இதை நம் சங்கத்துப் பத்திரிகையில் அச்சிடும்படி காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்திற்கு வருவோம். அப்படியானால் ஆட்டிற்குத் தானியமே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும்; கொடுக்கவும் வேண்டும். கோடையிலே காய்ந்த தட்டையை மட்டுந் தின்று, சினை ஆடும் பால்கொடுக்கும் ஆடும் எலும்பாக நிற்பதை நாம் காண்கிறோம். கிடாய்க்குச் சதை பிடிப்பதற்கும் அடர்தீவனம் வேண்டியதே. தவறு தானியத்தில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. புதிய தீனிக்கு ஏற்றவாறு வயிற்றுக் கிருமிகள் மாறியமைவதற்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். அப்புளிப்பு அமிலத்தையே தின்று தீர்க்கும் நல்ல கிருமிகளும் உண்டு. அவை மெல்லப் பெருகுகின்றவை. அவற்றிற்கு நாள் கொடுக்கவேண்டும்.

நான் இப்பொழுது செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் தலைக்கு 50 கிராம் அடர்தீவனம். மூன்று நாளைக்கொரு முறை 50 கிராம் கூட்டுவேன். மூன்று வாரத்திற்குள் 250 அல்லது 300 கிராமிற்கு வரும். நம் நாட்டு ஆட்டிற்கு அது போதும். அதையும் காலை மாலை இருவேளையாகப் பங்கிடுவேன். வெறும் வயிற்றில் ஒருபோதும் வைப்பதில்லை. முன்னே சோளத்தட்டையோ கடலைக்கொடியோ தின்னவேண்டும், பிறகே தொட்டி. தொட்டியில் ஆடொன்றுக்கு ஓரடியாவது இடம் வேண்டும். இல்லையேல் முரட்டுக் கிடாய் மூன்று பங்கைத் தின்று சாகும், சாதுவானது பட்டினி கிடக்கும். மழையினாலோ ஊர்ப்பயணத்தினாலோ நாலைந்து நாள் தீவனம் நின்றுபோயிற்றானால், விட்ட அளவிலிருந்து தொடங்கக் கூடாது; மறுபடியும் 50 கிராமிலிருந்தே ஏறி வரவேண்டும். இதைப் பலர் அறியாமற் கெடுகின்றனர்.

மணியை மாவாக அரைப்பதும் தவறு. நைய அரைத்த மாவு நொடியிற் புளிக்கும். ஆடு தன் பல்லால் முழு மணியையே நன்றாக மென்று தின்னவல்லது. மாடுபோல் விழுங்கிக் கழிப்பதில்லை. ஸ்காட்லாந்து தேசத்திலுள்ள ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில் எர்ஸ்கோவ் என்பவர் முழுப் பார்லி மணியையும், அரைத்து உருண்டையாக்கிய பார்லியையும் குட்டிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டு, முழு மணி தின்றவற்றின் வயிற்றிற் புளிப்புக் குறைவாக இருந்ததை 1970களிற் காட்டியுள்ளார். ஆகவே அரைவைக் கூலி மிச்சம். சோறோ மாவினும் விரைவிற் புளிப்பது, வெந்து குழைந்துவிட்டதல்லவா? கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் ஆட்டிற்குக் கொட்டுவது தருமமென்று நம் தாய்மார்கள் எண்ணுகிறார்கள். அது தருமமன்று, அம்மா. அதைக் குப்பைக் குழிக்குக் கொடுங்கள்.

அடர்தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சமையற் சோடாவும் ஒரு பங்கு உப்பும் சேர்ப்பது நலம். சோடா உமிழ்நீரின் வேலைக்குத் துணையாகும்; ஆயினும் அதை நம்பி அளவை மீறலாகாது. கிடாய்களுக்குத் தானியமும் தவிடும் மிகுந்தால் மூத்திரக் குழாயிற் கல்லடைப்பும் உண்டாகும். அதற்குக் காரணம் அவற்றில் மணிச்சத்து மிகுந்து சுண்ணாம்புச்சத்துக் குறைந்திருப்பது. தீவனத்திற் சுண்ணாம்புச்சத்துச் சேர்ப்பதும், நல்ல தண்ணீரை எந்நேரமும் வைப்பதும் அதற்குப் பரிகாரம். தாது உப்பு வாங்கும்போது ஆட்டிற்கென்றே செய்ததை வாங்குங்கள். மாட்டிற்கான கலவையிற் செம்புச்சத்து மிகுதி. செம்மறியின் ஈரல் அதைத் தாங்காது. மாட்டிற்கு வாங்கியது வீட்டிலிருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள்.

துள்ளுமாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தானியம் மிகுந்தால் அந்நோயும் வரும். குடலிலுள்ள வேறொரு கிருமி அப்பொழுது நஞ்சைக் கக்குகின்றது. அதில் கொழுத்த குட்டி சில மணி நேரத்திலேயே துள்ளி விழுந்து மடியும். புளிப்பு நோயோ மெல்ல வாட்டும். துள்ளுமாரிக்குத் தடுப்பூசி உண்டு. ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். புளிப்புக்குத் தடுப்பூசி இல்லை.

தப்பித் தவறி ஆடுகள் களத்திற் புகுந்துவிட்டன என்று தெரிந்தால், நோய் தோன்றும்வரை காத்திராதீர்கள். உடனே தானியத்திலிருந்து விலக்கி, காய்ந்த தட்டையை முன்னே போடுங்கள். நாங்கள் செய்ததுபோலக் கண்மாயில் இறக்கி வயிறு முட்ட நீர் குடிக்க விடவேண்டா. சிறிது சிறிதாகக் காட்டுங்கள். மருத்துவருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் வருமளவும் பெரிய ஆடொன்றுக்கு 15 கிராம் சமையற் சோடாவை அரை லிட்டர் நீரிற் கரைத்துப் புகட்டலாம். தலையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலிற் புகுந்து அதுவே கொல்லும். தலையை நேராக வைத்து, விழுங்க விழுங்க ஊற்றவேண்டும். எழுந்து நிற்க மாட்டாத ஆட்டிற்கு நாமாக ஒன்றும் ஊற்றக்கூடாது. நரம்பிற் செலுத்தும் மருந்தும், உயிர்ச்சத்து ஊசியும் மருத்துவர் கையில் உள்ளன. ஆரோக்கியமான ஆட்டின் வயிற்று நீரை எடுத்து நோயுற்றதற்குப் புகட்டும் முறையும் உண்டு. இழந்த மந்தையைத் திரும்பக் குடியேற்றுவது அது. அதையும் அவரே செய்யட்டும்.

கிராமென்றும் லிட்டரென்றும் சொன்னால் கொட்டிலிற் பயன்படாது என்று மதினியார் சொன்னார்கள். ஆகையால் வீட்டிலிருந்த பழைய தகரக் குவளையில் தராசு வைத்து அளந்து, 50 கிராம் மக்காச்சோளம் எங்கே நிற்கிறதோ அங்கே ஆணியாற் கீறிக்கொண்டு வந்திருக்கிறேன். சமையற் சோடாவின் அளவிற்கும் ஒரு கரண்டி வைத்திருக்கிறேன். தீபாவளிக் கிடாய் வளர்ப்பவர்கள் சாப்பாட்டிற்குப் பிறகு தங்கள் வீட்டுக் குவளையைக் கொண்டுவந்தால், இதனோடு ஒத்துப் பார்த்துக் கீறித் தருகிறேன். தராசு மூன்றாம் வரிசையிலுள்ள அண்ணாச்சியிடம் இருக்கிறது.